இந்த ஆண்டு காதில் விழுந்தவை

29 டிசம்பர் 2024

அன்பு நண்பா,

உன் கடிதமும் பட்டியலும் சென்ற வாரமே வந்து சேர்ந்தன. மகளுக்கு வேலை கிடைத்த செய்தியைப் படித்ததும் மனம் நிறைந்துவிட்டது. அவள் முதல் வகுப்பில் சேர்ந்தபோது நீ எழுதிய கடிதம்கூட என்னிடம் பத்திரமாக இருக்கிறது. என் வாழ்த்தைச் சொல். பட்டியலை வழக்கம்போல எண் போட்டு, படம் பத்து, பாட்டு ஏழு, புத்தகம் ஐந்து என்று ஒழுங்காக அனுப்பியிருக்கிறாய். ஆண்டுக் கடைசியில் பதிலுக்கு நானும் ஒன்று அனுப்புவேன். இந்த முறை அப்படிப் பிரித்து எழுத வரவில்லை. காரணத்தை இத்தனை நாள் உன்னிடம் சொல்லாமல் இருந்ததற்கு மன்னித்துவிடு.

பிப்ரவரி தொடக்கத்தில் ஒருநாள் காலையில் கைப்பேசியை இடது காதில் வைத்துப் பேசிக்கொண்டிருந்தேன். எதிர்முனையில் அக்கா. குரல் கேட்கிறது, பேச்சு பிடிபடவில்லை. வலது காதுக்கு மாற்றினேன், தெளிவாக இருந்தது. மறுபடியும் இடது காதில் வைத்தேன். கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல இருந்தது.

பரிசோதனைக்குப் போனேன். ஒலி புகாத சிறிய அறையில் உட்காரவைத்து, ஹெட்போன் மாட்டி, ஒலி கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். முடிவை ஒரு வரைபடமாகக் கையில் கொடுத்தார்கள். இடது காதின் கோடு பாதி தூரம் சமமாக வந்து, அதன் பிறகு மலைச்சரிவுபோல இறங்கிவிட்டது. பரிசோதித்த பெண் பொறுமையாக விளக்கினார். பேச்சில் அ, ஆ, ஓ போன்ற ஒலிகளுக்குத்தான் வலு அதிகமாம். அவை தாழ்ந்த பகுதியில் இருக்கின்றன. ச, த, க போன்றவை மெலிந்தவை, உயரத்தில் இருப்பவை. செவி தளரும்போது முதலில் போவது அவைதான். இப்போது 'கதை' என்றாலும் 'சதை' என்றாலும் என் இடது காதுக்கு ஒன்றுதான். உயிரெழுத்து கேட்கிறது, மெய்யெழுத்து கேட்கவில்லை. சின்ன வயதில் படித்த முதல் பாடம் ஐம்பத்து மூன்று வயதில் இப்படித் திரும்பி வந்திருக்கிறது.

பயப்பட ஒன்றும் இல்லை, ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டோம். போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்றார்கள். ஆகஸ்டிலிருந்து காதுக் கருவி போட்டுக்கொள்கிறேன். கையிருப்பு குறையக் குறைய எண்ணி எண்ணிச் செலவழிப்போம் அல்லவா, அப்படித்தான் இந்த ஆண்டு முழுவதும் கேட்டேன். எனவே எனக்குப் பிடித்தவை படம், பாட்டு, புத்தகம் என்று பிரியாமல் காது வழியாக ஒன்றாக வந்து சேர்ந்திருக்கின்றன.

முதலில் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்'. பிப்ரவரி 22 வெளியானது, நான் மார்ச்சில் போனேன். பரிசோதனை முடிந்த புதிது. மலையாளப் படம், காதும் சரியில்லை, என்ன புரியப்போகிறது என்று தயங்கித்தான் உட்கார்ந்தேன். 2006இல் கொடைக்கானல் குணா குகையில் விழுந்த நண்பனை இன்னொரு நண்பன் கயிற்றில் இறங்கி மீட்ட உண்மைச் சம்பவம். கீழே இருந்து இருவரையும் மேலே இழுக்கும் இடத்தில் 'கண்மணி அன்போடு' எழுகிறது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

அந்தப் பாட்டை நாம் பதிவு செய்த இரவு உனக்கு நினைவிருக்கும். 1991 டிசம்பர், விடுதி அறை. அந்தப் பாட்டு இடம்பெற்ற கமலின் 'குணா' படம் வந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. இரவல் வாங்கிய டேப் ரெக்கார்டரையும் நம்முடையதையும் எதிரெதிரே வைத்து, ஒன்று பாட, மற்றது பதிய, நாம் இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பாட்டின் நடுவே யாரோ கதவைத் தட்டினார்கள். மூன்று தட்டு. அதுவும் பதிந்துவிட்டது. மறுபடி பதிய வெற்று நாடா இல்லை. முப்பத்து மூன்று ஆண்டுகளாக எங்கே அந்தப் பாட்டைக் கேட்டாலும் அந்த இடம் வரும்போது என் காது தட்டலுக்காகக் காத்திருக்கும். அன்று திரையரங்கிலும் காத்திருந்தது.

அந்தப் பாட்டு ஒரு கடிதம் என்பதை அன்று புதிதாக உணர்ந்தேன். எழுதத் தெரியாத ஒருவன் மனத்தில் இருப்பதைச் சொல்லச் சொல்ல, அவள் அதைப் பாட்டாக்கித் தருகிறாள். கமல் பெரும்பாலும் பேசுகிறார், ஜானகி அம்மா பாடுகிறார். அவன் தடுமாறிச் சொன்னது அவள் குரலில் கவிதையாகிவிடுகிறது. இளையராஜா இசையில் எத்தனையோ காதல் பாட்டுகள் உண்டு. ஆனால் காதலிக்காக எழுதிய ஒன்று, 33 ஆண்டுகள் கழித்து, ஒரு சொல்கூட மாறாமல், நண்பனைத் தூக்கிவரும் நண்பனுக்குப் பொருந்தியது இதில்தான். இயக்குநர் சிதம்பரத்துக்கு இதற்காகவே என் நன்றி.

அதே கமலின் குரலைச் செப்டம்பரில் 'மெய்யழகன்' படத்தில் கேட்டேன். 'யாரோ இவன் யாரோ', கோவிந்த் வசந்தாவின் இசை. அந்த இளைஞனின் படபடப்பு போய், குரலில் ஒரு கரகரப்பும் நிதானமும் வந்திருக்கின்றன. அந்த இடத்துக்கு அந்தக் குரல் அல்லாமல் வேறு எதுவும் சரியாக இருந்திருக்காது. பூர்வீக வீட்டை இழந்து ஊரைவிட்டுப் போனவன் ஒரு திருமணத்துக்காகத் திரும்பி வருகிறான். அத்தான் அத்தான் என்று உயிரைவிடும் ஒருவனுடன் ஓர் இரவைக் கழிக்கிறான். அவன் பெயர் மட்டும் நினைவுக்கு வரவில்லை. கேட்கவும் வெட்கம். விடிவதற்குள் சொல்லாமல் கிளம்பிவிடுகிறான். அரவிந்த்சாமி அந்தக் குற்ற உணர்ச்சியை முகத்தில் வைத்துக்கொண்டே இருந்தாரே, அதை என்னால் மறக்க முடியவில்லை. தான் விட்டுப்போன பழைய சைக்கிள் ஒரு குடும்பத்தையே நிமிர்த்தியது என்று அவனுக்குத் தெரியவரும் இடத்தில் நான் வாய்விட்டு அழுதேன்.

வெளியான சில நாட்களிலேயே சுமார் 18 நிமிடத்தை வெட்டிவிட்டார்கள். நான் அதற்கு முன்பே பார்த்துவிட்டேன். வெட்டியது சரி என்று நீ எழுதியிருக்கிறாய். இதில் நான் உன்னோடு உடன்படவே மாட்டேன். விடிய விடியப் பேசுவதுதான் படம். பேச்சு நீண்டால்தான் இரவு நீளும். நாம் பேசிய இரவுகளிலிருந்து யாராவது 18 நிமிடத்தைக் கத்தரித்தால் நீ சும்மா இருப்பாயா?

'லப்பர் பந்து' உன் முதலிடம் என்பதில் எனக்கு வியப்பில்லை. தமிழரசன் பச்சமுத்துவின் முதல் படம் என்று நம்பவே முடியவில்லை. சாதியைப் பற்றி இவ்வளவு கூர்மையாகவும் இவ்வளவு அன்பாகவும் ஒரு கிரிக்கெட் படம் பேச முடியும் என்று காட்டிவிட்டார். எனக்கு அதில் மறக்க முடியாதது 'நீ பொட்டு வச்ச தங்கக்குடம்' தான். 1989இல் விஜயகாந்தின் 'பொன்மனச் செல்வன்' படத்துக்காக வந்த பாட்டு. விஜயகாந்த் மறைந்து நேற்றோடு ஓராண்டு. கெத்து என்ற ஆட்டக்காரர் ஆட இறங்கும்போது அது ஒலித்ததும் அரங்கம் முழுவதும் சேர்ந்து பாடியது. என் இரண்டு பக்கமும் முன் பின்னும் அதே பாட்டு. அன்று எனக்கு எந்தக் காதும் குறையாக இல்லை.

கருவி போட்டுக்கொண்டு நான் பார்த்த முதல் படம் 'கொட்டுக்காளி'. ஆகஸ்ட் 23. பி.எஸ்.வினோத்ராஜின் இந்தப் படத்தில் பின்னணி இசையே கிடையாது என்பது உனக்குத் தெரியும். புதிதாகக் கருவி போட்டவருக்கு முதல் சில நாட்கள் உலகமே இரைச்சலாக இருக்கும். காகிதம் கசங்கினால்கூடக் கண்ணாடி உடைவதுபோல இருக்கும். அந்த நிலையில் போய் உட்கார்ந்தேன். ஆட்டோவின் உறுமல், காற்று, சேவல் சிறகைச் சிலிர்ப்பது, பேச்சு நின்ற பிறகு எஞ்சும் அமைதி எல்லாமே ஒன்றுவிடாமல் எனக்குள் இறங்கின. சூரி, தொண்டையில் சுண்ணாம்பைத் தடவிக்கொண்டு, உடைந்த குரலில் கத்திக் கத்திப் பேசுகிறார். கல்யாணத்துக்கு மறுக்கும் மீனாவாக வரும் அன்னா பென் ஏறக்குறைய வாயே திறப்பதில்லை. அந்த மௌனத்துக்கு முன்னால் மற்ற எல்லாருடைய சத்தமும் சிறுத்துப்போகிறது.

அக்டோபரில் கொரிய எழுத்தாளர் ஹான் காங்குக்கு நோபல் பரிசு அறிவித்ததும், சமயவேல் மொழிபெயர்த்த 'மரக்கறி' நாவலை எடுத்துப் படித்தேன். இறைச்சி உண்ண மறுக்கும் ஒரு பெண்ணைக் குடும்பமே சேர்ந்து வளைக்கப் பார்க்கிறது. கதையைக் கணவன் சொல்கிறான், பிறகு அக்காள் கணவனின் பார்வை, பிறகு அக்காளின் பார்வை. அவளுடைய குரல் அங்கங்கே வரும் கனவுகளில் மட்டும்தான். பாதியிலேயே 'கொட்டுக்காளி'யின் மீனா எனக்குள் வந்து உட்கார்ந்துவிட்டாள். இரண்டு தேசம், இரண்டு மொழி, ஒரே மறுப்பு. நீ உன் புத்தகப் பட்டியலில் இதை ஐந்தாவதாக வைத்திருக்கிறாய். அந்தப் படத்தை மனத்தில் வைத்துக்கொண்டு மறுபடி ஒருமுறை படித்துப் பார்.

அதே ஆகஸ்ட் 23 அன்று வந்த 'வாழை'யைப் பற்றி நீ எழுதியதற்கு மேல் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. அந்தக் கடைசிக் காட்சிகளை நினைத்தால் இன்னும் தொண்டை அடைக்கிறது.

இனி, பிடித்தது என்றும் சொல்ல முடியாமல் பிடிக்கவில்லை என்றும் தள்ள முடியாமல் இருக்கும் ஒன்று. பாடகி பவதாரிணி ஜனவரி 25 அன்று போய்விட்டார். ஜூன் மாதம் 'சின்ன சின்ன கண்கள்' வந்தது. செயற்கை நுண்ணறிவு கொண்டு அவர் குரலை மீட்டு, விஜயோடு பாடவைத்திருந்தார்கள். முன்பு 'லால் சலாம்' படத்துக்காக ஏ.ஆர்.ரஹ்மான், மறைந்த பம்பா பாக்யா, ஷாகுல் ஹமீது இருவரின் குரலையும் இப்படிக் கொண்டுவந்தார். குடும்பத்தாரிடம் அனுமதி பெற்று, உரிய தொகையும் கொடுத்ததாகச் சொன்னார், அது நல்ல முறை. ஆனால் பவதாரிணி விஷயம் எனக்கு வேறு மாதிரி. தம்பி யுவன் தன் அக்காவின் குரலைத் திரும்ப வரவழைத்திருக்கிறார். அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. என் அக்கா குரல் கிணற்றுக்குள் போன காலையை நினைத்துக்கொண்டேன். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேனோ என்னவோ.

ஆனாலும் இரண்டு முறைக்கு மேல் அதைக் கேட்க முடியவில்லை. அவருக்குத் தேசிய விருது வாங்கித் தந்த 'மயில் போல பொண்ணு ஒண்ணு' பாட்டுக்குத்தான் திரும்பினேன். சொல்லின் முடிவில் அவர் குரல் மெல்ல நழுவும் பார், குழந்தை தூக்கத்தில் பேசுவதுபோல. கருவி போட்டுக்கொண்டு கேட்டபோது இரண்டு வரிகளுக்கு நடுவே அவர் மூச்சு எடுப்பது எனக்குக் கேட்டது. அந்த மூச்சுதான் எனக்கு வேண்டியிருந்தது.

ஜாகிர் உசேன் போனதை நீ எழுதவே இல்லை. உன்னாலும் எழுத முடியவில்லை என்று புரிந்துகொண்டேன். ஆண்டின் தொடக்கத்தில் அவருடைய சக்தி இசைக்குழுவுக்குக் கிராமி கிடைத்தபோது, மேடையில் செல்வகணேஷும் நிற்பதைப் பார்த்து எவ்வளவு பூரித்தோம்! அந்தக் குழுவின் ஆரம்ப காலத்தில் கடம் வாசித்தவர் செல்வகணேஷின் தந்தை விக்கு விநாயக்ராம். டிசம்பர் 15 அன்று ஜாகிர் இல்லை, வயது 73. அன்று இரவு இடது காதில் மட்டும் ஹெட்போனை வைத்து அவர் தபலாவைக் கேட்டேன். வலக்கையின் உச்ச ஒலிகள் பாதி போய்விட்டன. இடக்கையின் மணிக்கட்டு தோலை அழுத்தி இழுக்கும்போது எழும் அந்தக் கும்மென்ற குழைவு மட்டும் முழுசாக வந்தது. இத்தனை ஆண்டுகள் வலக்கையின் வேகத்தையே வியந்துகொண்டிருந்தவன், இடக்கை எவ்வளவு பேசியிருக்கிறது என்று அன்றுதான் கேட்டேன்.

கடைசியாக ஒரு செய்தி. போன ஞாயிற்றுக்கிழமை பரணில் தேடியபோது அந்த 1991 கேசட் கிடைத்தது. உறையின் முதுகில் உன் கையெழுத்து, பச்சை மை. ஒரு நண்பரின் உதவியோடு அதைக் கணினிக்கு மாற்றிவிட்டேன். இந்தக் கடிதத்தோடு ஒரு பென் டிரைவில் அனுப்புகிறேன். இரைச்சல் நிறைய இருக்கிறது, பொறுத்துக்கொள்.

மாற்றிய பிறகு கருவியைக் கழற்றிவைத்துவிட்டு, வலது காதைப் பொத்திக்கொண்டு, இடது காதால் மட்டும் கேட்டுப் பார்த்தேன். ஜானகி அம்மாவின் சொற்கள் கரைந்து வெறும் ராகமாக ஓடின. கமல் பேசுவது ஏதோ முணுமுணுப்பாக இருந்தது. கதவைத் தட்டும் ஓசை மட்டும் அப்படியே இருக்கிறது. மூன்று தட்டு, அதன் பிறகு நீ 'உஷ்' என்று சொல்லியிருப்பாய், அது எனக்குக் கேட்கவில்லை, ஆனால் சொல்லியிருப்பாய். உன் காது நன்றாக இருக்கும்போதே கேட்டு எனக்கு எழுது. அன்று கதவைத் தட்டியது யார்?

என்றும் அன்புடன்,
உன் நண்பன்