விக்டோரியா அரங்கில் மறுபடியும் மணி அடிக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்னை சென்ட்ரலுக்கும் ரிப்பன் மாளிகைக்கும் நடுவே சிவப்பாக நிற்கும் விக்டோரியா பொது அரங்கைப் பற்றிப் பேச்செடுத்தால், காந்தி அங்கே உரையாற்றினார், விவேகானந்தர் உரையாற்றினார் என்றுதான் தொடங்குகிறார்கள். அதெல்லாம் உண்மைதான். ஆனால் அங்கே வருஷக்கணக்கில் குடியிருந்தது தமிழ் நாடகம். சபா நாடகங்களுக்கு சீன் கட்டிப் பிழைத்தவன் என்பதால் அதை உரக்கச் சொல்லத் தோன்றுகிறது.

பம்மல் சம்பந்த முதலியாரும் நண்பர்களும் 1891-ல் தொடங்கிய சுகுண விலாச சபை, 1902 முதல் 1936 வரை இந்தக் கட்டடத்தில்தான் இயங்கியது. படித்தவன் அரிதாரம் பூசினால் குடும்ப மானம் போச்சு என்றிருந்த காலம் அது. பம்மலார் வக்கீல், பிற்பாடு நீதிபதி. அவருக்கு ஜோடியாகப் பெண் வேடம் கட்டிய ரங்கவடிவேலுவும் வக்கீல். விடிய விடியப் பாட்டாகவே ஓடிக்கொண்டிருந்த நாடகத்தில் வசனத்தை முன்னுக்குக் கொண்டுவந்து, சில மணி நேரத்தில் முடித்துக் காட்டினார்கள். இன்றைய சபா நாடகத்துக்கு அதுதான் விதை.

கட்டடமும் லேசுப்பட்டதல்ல. கட்டடக் கலைஞர் சிஸ்ஹோம் வரைந்து கொடுக்க, உயர்நீதிமன்றத்தைக் கட்டிய அதே நம்பெருமாள் செட்டியார் 1880களில் எழுப்பியது. சதுரக் கோபுரம், அதன் தலையில் திருவிதாங்கூர் பாணிக் கூரை. கீழே ஒன்று, மேலே ஒன்று என இரண்டு பெரிய கூடங்கள். மரத்தாலான கேலரி வேறு. மைக் இல்லாத நாளில் கேலரிக்காரன் காதுவரை வசனத்தைக் கொண்டுபோக வேண்டும். அந்த நடிகர்களின் தொண்டையை நினைத்தால் கும்பிடத் தோன்றுகிறது!

2023-ல் மாநகராட்சி இதைச் சீரமைக்கத் தொடங்கியபோது மனசு குளிர்ந்தது. படங்களும் பழம்பொருளும் வைக்கட்டும், சரி. ஆனால் ஒரு கூடமாவது நாடகத்துக்கென்றே இருக்க வேண்டும். பழைய செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கெடுமே என்ற பயம் வேண்டாம். சுவரில் ஓர் ஆணிகூட அடிக்காமல், தரையில் நிற்கும் இரும்புச் சட்டங்களிலேயே படுதா, விங் எனும் பக்க மறைப்பு, விளக்கு எல்லாம் மாட்டலாம். நாங்கள் கல்யாண மண்டபங்களில் அப்படித்தான் செய்துவந்தோம். பக்கத்தில் ஒரு மேக்கப் அறை போதும். வாடகை மட்டும் சின்னக் குழுக்களுக்குக் கட்டுப்படியாக இருக்க வேண்டும். அப்புறம், வாசலில் பம்மலார் பெயரோடு ரங்கவடிவேலுவின் பெயரையும் சேர்த்துப் பொறிக்க மாநகராட்சி ஆவன செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மேடை அமைப்பாளர்,
சென்னை.