கேமராவை எடுத்து வா

அன்புள்ள மகளுக்கு,

நீ சொன்ன படத்தைப் பார்த்துவிட்டேன். முதல் நாள் அப்பாவும் கூட உட்கார்ந்தார். பாதியில் எழுந்து போய்விட்டார். மறுநாள் மதியம் தனியாக இன்னொரு முறை பார்த்தேன்.

1996இல் ‘தி வாட்டர்மெலன் வுமன்’ திரைக்கு வந்தபோது, அதை இயக்கி நடித்த செரில் டன்யேவுக்கு முப்பது வயதுகூட நிறையவில்லை. உன் வயதுதான். பெண்ணை நேசிக்கும் ஒரு கறுப்பினப் பெண் இயக்கிய முதல் முழுநீளப் படம் அது என்கிறார்கள். பழைய ஹாலிவுட் படங்களில் வேலைக்காரியாக வந்துபோன கறுப்பின நடிகைகளில் பலருக்குப் பெயர்கூடப் போடவில்லையாம். அப்படி ஒருத்தியைத் தேடிப் போகும் கதை. உண்மையில் அப்படி ஒருத்தி இல்லை என்று கடைசியில் தெரிந்தபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. படத்தில் காட்டிய அவளுடைய புகைப்படங்களை நிஜமென்றே நம்பியிருந்தேன். ஸோயி லியனார்ட் என்ற கலைஞர் நடிகர்களை வைத்துப் புகைப்படமெடுத்து, அவற்றைப் பழைய படங்களாகத் தெரியும்படி பக்குவப்படுத்தினாராம். மொத்தம் 82 புகைப்படங்கள். இல்லாத ஒருத்திக்கு ஒரு முழு ஆல்பம்!

இந்தப் படத்துக்கு அரசு தந்த 31,500 டாலர் உதவித்தொகைக்காக அமெரிக்க நாடாளுமன்றம் வரை சண்டை போயிருக்கிறது. இப்படிப்பட்ட படத்துக்கு மக்கள் வரிப்பணமா என்று கேட்டார்கள். அதே நாட்டின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் 2021இல் அந்தப் படத்தைச் சேர்த்தார்கள். இடையில் இருபத்தைந்து ஆண்டுகள். அந்த ஆண்டுகளில் செரில் தொலைக்காட்சிக்கு இயக்கினார், கல்லூரிகளில் பாடம் நடத்தினார், கிடைத்த பணத்தில் சின்னச் சின்னப் படங்கள் எடுத்தார். 2001இல் எடுத்த ‘ஸ்ட்ரேஞ்சர் இன்சைட்’ படத்தில் ஒரு மகள் தன் தாயைத் தேடிச் சிறைக்கே போகிறாளாம். அதையும் பார்க்க வேண்டும்.

ஆனால் நான் இந்தக் கடிதம் எழுதுவது வேறு ஒன்றுக்காக. அந்தப் படத்தில் செரிலின் அம்மா ஐரீன், அம்மாவாகவே வருகிறார். மகள் கேட்கிறாள், அவர் பதில் சொல்கிறார். அந்த இடத்தை மட்டும் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன்.

போன முறை நீ வந்தபோது, “அம்மா, பத்து நிமிடம் கேமரா முன்னால் உட்காருங்கள்” என்று கேட்டாய். தலை நரைத்துக் கிடக்கிறது, வேண்டாம் என்றேன். நரைக்காக இல்லை, கண்ணு. உன்னோடு வசிக்கும் அந்தப் பெண்ணைப் பற்றிக் கேட்டுவிடுவாயோ என்று பயந்தேன். நீயும் அதற்குமேல் வற்புறுத்தாமல் கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டாய். அந்தப் பையின் ஜிப் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

பொங்கலுக்கு வரும்போது கேமராவை எடுத்து வா. அவளையும் அழைத்து வா. பின்கட்டில் காலை எட்டு மணிக்கு வெயில் நன்றாக விழும். கொடியில் துணி இல்லாமல் பார்த்துக்கொள்கிறேன். என்ன கேட்டாலும் பதில் சொல்கிறேன்.

அன்புடன்,
அம்மா