திரும்பிப் போனவரையும் கேளுங்கள்: பல்கலைக்கழக ஆய்வு நெறியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் மேலாண்மையியல், கணினி அறிவியல், பொது நிர்வாகத் துறைகளைச் சேர்ந்த ஆய்வு நெறியாளர்களுக்கு வணக்கம்.

நான் வருவாய்த் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சான்றிதழ் விண்ணப்பங்கள் கட்டுக்கட்டாகக் காகிதத்தில் வந்த காலத்திலும் இருந்தேன், அவை கணினித் திரையில் வரிசை கட்டி நின்ற காலத்திலும் இருந்தேன். இப்போது நேரம் கிடைக்கும்போதெல்லாம் இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளை இணையத்தில் சேர்த்து வைக்கும் ஷோத்கங்காவில், அரசுச் சேவைகளைக் கணினி வழியாகத் தரும் மின்னாளுகை பற்றிய ஆய்வேடுகளைத் தேடிப் படிக்கிறேன். மாணவர்களின் உழைப்பில் எனக்குச் சந்தேகமே இல்லை. நான் எழுதுவது, அவர்கள் யாரிடம் போய்க் கேட்கிறார்கள் என்பதைப் பற்றி.

நான் படித்தவற்றில் பெரும்பாலானவை ஒரே தடத்தில் போகின்றன. பிரெட் டேவிஸ் 1989இல் வெளியிட்ட தொழில்நுட்ப ஏற்பு மாதிரியை எடுத்துக்கொள்கிறார்கள். ‘இந்தச் சேவை பயனுள்ளதா, எளிதாக இருக்கிறதா’ என்று ஐந்து புள்ளி அளவுகோலில் வினாத்தாள் தயாரிக்கிறார்கள். இ-சேவை மையத்தில் வேலை முடிந்து வெளியே வருபவர்களிடம் அதைக் கொடுத்து நிரப்பி வாங்குகிறார்கள். பெரும்பாலோர் திருப்தி என்கிறார்கள். அப்புறம் புள்ளியியல், முடிவுரை, பட்டம்.

டேவிஸின் ஆய்வு, அலுவலக ஊழியர்கள் மின்னஞ்சல் போன்ற மென்பொருள்களை ஏற்றுக்கொள்வார்களா என்று பார்க்க வந்தது. பிடிக்காவிட்டால் பயன்படுத்தாமல் இருந்துவிடலாம் என்ற இடத்தில்தான் ‘ஏற்பு’ என்ற கேள்விக்கே பொருள் உண்டு. ரேஷன் கடையில் கைரேகை வைக்கும் பாட்டிக்கு அப்படி ஒரு வழி கிடையாது. வருமானச் சான்றிதழ் இல்லாமல் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க முடியாத மாணவிக்கும் கிடையாது. வணிக நிறுவனத்துக்காக உருவான அளவுகோலை அப்படியே அரசு அலுவலகத்துக்குத் தூக்கி வந்தால், கேட்க வேண்டிய முதல் கேள்வியே விட்டுப்போகிறது. வேறு வழியில்லாதவரிடம் அந்த அமைப்பு எப்படி நடந்துகொள்கிறது என்பதுதான் அந்தக் கேள்வி.

இதைக் கேட்டவர்கள் இல்லாமல் இல்லை. நம் மண்ணிலேயே கேட்டிருக்கிறார்கள். மதுரை மாவட்டம் மேலூர் தாலுகாவில் 2001இல் சாரி என்ற திட்டம் தொடங்கியது. சென்னை ஐஐடியில் உருவான கார்டெக்ட் கம்பியில்லாத் தொழில்நுட்பத்தை வைத்து ஊர் ஊராக இணைய மையங்கள் திறந்தார்கள். அமெரிக்காவின் எம்ஐடியும் ஹார்வர்டும் கூட்டாளிகள். உள்ளூர்க்காரர்களே மையங்களை நடத்தினார்கள். தாலுகா அலுவலகத்துக்கு அலையாமல் சாதிச் சான்றிதழுக்கும் வருமானச் சான்றிதழுக்கும் ஊரிலிருந்தே விண்ணப்பிக்கலாம் என்றார்கள். அரவிந்த் கண் மருத்துவமனைக்குக் கண்ணைப் படம் எடுத்து அனுப்பும் வசதிகூட இருந்தது. ஊரகத்தில் அகலக்கற்றை என்ற பேச்சே எழாத காலம் அது.

ராஜேந்திர குமார், மைக்கேல் பெஸ்ட் என்ற இரு ஆய்வாளர்கள் அந்த மையங்களை விடாமல் பின்தொடர்ந்தார்கள். ராஜேந்திர குமார் தமிழ்நாட்டுப் பிரிவு ஐஏஎஸ் அதிகாரி, எம்ஐடியில் முனைவர் பட்டம் பெற்றவர். மையம் திறந்து ஓராண்டுக்கு மேலாகியும் ஊரில் சிறு பகுதிக் குடும்பங்கள்தான் அதைப் பயன்படுத்தின என்று அவர்கள் எழுதினார்கள். வந்தவர்களில் பெரும்பாலோர் படித்த, ஓரளவு வசதியுள்ள வீட்டு இளைஞர்கள். இருக்கிற ஏற்றத்தாழ்வை இந்த மையங்கள் அப்படியே தாங்கிப் பிடிக்கக்கூடும் என்பதையும் மறைக்கவில்லை. அதோடு நிறுத்தாமல் விதிவிலக்குகளையும் தேடினார்கள். பின்தங்கிய சமூகத்தினர் குடியிருக்கும் பகுதிக்குப் பக்கத்தில் மையம் இருந்து, அவர்களுக்குள்ளேயே முன்னின்று அழைத்துவர ஒருவரும் இருந்த ஊர்களில், அந்த மக்கள் கூடுதலாக வந்தார்கள் என்று கண்டார்கள். ஒரு மையத்தை எந்தத் தெருவில் வைப்பது என்ற முடிவை நாளைக்கே ஒரு அதிகாரி எடுக்கலாம். அப்படிக் கையில் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய ஆய்வு முடிவு அது.

பிறகு பல மையங்கள் மூடப்பட்டன. அதையும் ஆராய்ந்தார்கள். வருமானம் கட்டுபடியாகாதது பெரிய காரணம். கணினிப் பயிற்சி உள்ளவர்கள் சொந்தமாக வைத்திருந்து, தனியாகப் பயிற்சி பெற்ற ஆளையும் அமர்த்திய மையங்கள் கூடுதல் காலம் தாக்குப்பிடித்தன. மூடிய கதவைப் பற்றி இவ்வளவு அக்கறையோடு எழுதியதைப் படித்தபோது எனக்கு மனம் நிறைந்துவிட்டது. திறப்பு விழாவுக்கு வரும் கூட்டத்தில் பாதிகூட மூடும்போது எட்டிப் பார்ப்பதில்லை.

இன்னொரு நல்ல எடுத்துக்காட்டு ஜார்க்கண்டிலிருந்து. ரேஷனுக்கு ஆதார் கைரேகைச் சரிபார்ப்பைக் கொண்டுவந்தபோது முரளிதரன், நீஹாஸ், சுக்தங்கர் என்ற மூன்று பொருளியலாளர்கள் அரசோடு சேர்ந்து பெரிய அளவில் அதைச் சோதித்தார்கள். சரிபார்ப்பைக் கொண்டுவந்ததால் மட்டும், ரேஷன் பொருள் வேறு கைக்குப் போகும் கசிவு குறையவில்லை என்று கண்டார்கள். அதற்கு முன் ஆதார் எண்ணைப் பதிந்திருக்காத 23 சதவீதப் பயனாளிகளுக்குக் கிடைத்த பலன் சராசரியாக 10 சதவீதம் குறைந்தது. இந்த எண்கள் கடையில் பொருள் வாங்கிக்கொண்டு வந்தவரை மட்டும் கேட்டுக் கிடைத்தவை அல்ல. வீட்டுக்குப் போய்க் கேட்டதால் கிடைத்தவை.

நம் ஊரில் கேட்க வேண்டியவர்கள் எங்கே என்று எனக்குத் தெரியும். நிராகரிக்கப்பட்ட விண்ணப்பங்களில் இருக்கிறார்கள். ஒரு விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலர் (விஏஓ), வருவாய் ஆய்வாளர் (ஆர்ஐ), தாசில்தார் என்று மேலே ஏறுகிறது. எந்தப் படியில், என்ன காரணம் எழுதி, எத்தனை நாளில் திருப்பினார்கள் என்பது கணினியில் பதிவாகிறது. காரணம் பல நேரம் ஒரே ஒரு வரிதான். அந்த வரியைப் படித்து அடுத்து என்ன செய்வது என்று விண்ணப்பதாரருக்குப் புரிந்ததா? இ-சேவையில் விண்ணப்பதாரருக்குத் தரும் பதிவு எண்ணான கேன் எண்ணோடு இருக்கும் செல்பேசி யாருடையது? மகனுடையதாகவோ, மையத்தில் இருப்பவருடையதாகவோ இருந்தால் ஓடிபியும் தகவலும் அவருக்குத்தான் போகும். அதன்பின் விண்ணப்பித்த பெண்மணி தன் மனுவைத் தானாகப் பார்க்க வழி என்ன? இதற்கெல்லாம் ஐந்து புள்ளி அளவுகோலில் இடம் கிடையாது.

ஊழியர்களையும் விட்டுவிடாதீர்கள். காகிதமும் கேட்டு, கணினியிலும் ஏற்றச் சொல்லி, வேலை இரட்டிப்பான பிரிவுகளை நான் பார்த்திருக்கிறேன். சர்வர் இழுக்கும் நாளில் கவுண்டருக்கு எதிரே நிற்பவரின் கோபம் முழுக்க அங்கே உட்கார்ந்திருப்பவர் மேல்தான் விழும். மென்பொருளை வடிவமைத்தவர்கள் அந்த நாற்காலியில் ஒரு முழு நாள் இருந்து பார்த்தார்களா என்பதே நல்ல ஆய்வுத் தலைப்பு. மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் ஹீக்ஸ், வடிவமைப்புக்கும் நடப்புக்கும் உள்ள இடைவெளிதான் இத்தகைய திட்டங்களைக் கவிழ்க்கிறது என்று பல ஆண்டுகளாக எழுதி வருகிறார். அந்த இடைவெளியை நம் தாலுகாக்களில் அளந்து சொல்ல உங்கள் மாணவர்களைவிடப் பொருத்தமானவர்கள் இல்லை. அவர்களில் பலர் இந்த வரிசைகளில் நின்றுதான் கல்லூரிக்கே வந்தார்கள்.

அனுமதி கிடைப்பது கடினம் என்பீர்கள். சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. தனிநபர் பெயர் இல்லாமல் தாலுகா வாரியாக நிராகரிப்புக் கணக்கைக் கேட்கலாம். துறைத் தலைவராக நீங்கள் ஒரு கடிதம் கொடுத்தால் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மாணவருக்குக் கிடைக்கும் மரியாதையே வேறு. ஆய்வு முடிந்ததும் தமிழில் நான்கு பக்கச் சுருக்கம் எழுதி, ஆய்வு நடந்த அதே அலுவலகத்துக்கும் மையத்துக்கும் கொடுக்க வேண்டும் என்று முனைவர் பட்டக் குழு நிபந்தனை வைக்கலாம். இதற்குப் புது விதி எதுவும் தேவையில்லை.

அடுத்து வரும் தலைப்புகளை இறுதி செய்யும்போது ஒருவரையாவது இந்தப் பக்கம் திருப்பிவிடுங்கள். களப்பணிக்கு மே, ஜூன் மாதங்களைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். பிளஸ் டூ முடிவு வந்து, கல்லூரிச் சேர்க்கைக்காகச் சான்றிதழ் கேட்டு எல்லோரும் ஒரே நேரத்தில் வரும் சமயம் அது. கவுண்டருக்குள்ளே ஒரு மாணவரும், வெளியே திரும்பிப் போகிறவர்களோடு பேச இன்னொருவரும் இருந்தால் நல்லது.

அன்புடன்,
ஓய்வு பெற்ற வருவாய்த் துறை ஊழியர்