கடன் கொப்பியின் கடைசிப் பக்கம்

கிறிஸ்துவுக்குள் அன்பானவர்களுக்கும், இந்த நாட்களில் எங்களோடு நின்ற அயலவர்கள் எல்லோருக்கும்,

நேற்று போயா (பௌர்ணமி) விடுமுறை. புதிய இடத்தின் மேல்மாடியில் காலை 9 மணிக்கு உபவாச ஜெபத்தோடு தொடங்கினோம். சபையின் அடுத்த மூன்று வருடத் திட்டத்தை எழுதி முடிக்கப் பின்னேரம் 5 மணியாகிவிட்டது. வீட்டுக்கு வந்து படுத்தேன், தூக்கம் வரவில்லை. மனதில் இருப்பதை இப்போதே எழுதிவிடலாம் என்று எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

நடந்தது என்னவென்று உங்கள் எல்லோருக்கும் தெரியும். எங்கள் பழைய ஆராதனை இடத்தின் பூட்டிய கதவையும் மழையில் நனைந்த கதிரைகளையும் பற்றித் திரும்ப எழுத எனக்கு மனமில்லை. அந்த இடத்தை விட்டு ஏழு கிழமை அலைந்த பிறகு, பதிவேட்டில் இருந்த 38 பேரும் இன்று ஒரே கூரையின் கீழ் இருக்கிறோம். கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

ஞாயிறு காலைதான் டியூஷன் வகுப்புக்குப் பிள்ளைகள் நிறைய வரும் நேரம். அப்படியிருந்தும் தன் ஓ.எல். வகுப்பைப் பின்னேரத்துக்குத் தள்ளிவிட்டு மண்டபத்தை எங்களுக்குத் தந்த ஆசிரியருக்கு நன்றி. லொறிக்குக் காசு வாங்க மறுத்த ஹார்ட்வெயார் கடை நானாவுக்கும், கதிரை சுமந்த கத்தோலிக்கத் தம்பிமாருக்கும், திருவிருந்துக் கிண்ணங்களை ஒவ்வொன்றாகத் துணியில் சுற்றிக் கொடுத்தனுப்பிய மெதடிஸ்த சகோதரிகளுக்கும், இரவு 10 மணிக்கு அழைத்தாலும் போனை எடுத்த சட்டத்தரணி அக்காவுக்கும், கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் காணிக்கை அனுப்பிய எங்கள் பழைய அங்கத்தவர்களுக்கும் நன்றி. பெயர் போட வேண்டாம் என்று நீங்களே கேட்டுக்கொண்டீர்கள். ஜெபத்தில் உங்கள் பெயர்கள் இருக்கின்றன.

இந்த மடலில் மிச்ச இடமெல்லாம், கொழும்பு கொட்டாஞ்சேனையில் எங்கள் பழைய ஒழுங்கை முகப்பில் இடியப்பம் விற்கும் அக்காவுக்கு.

அவர் எங்கள் சபையைச் சேர்ந்தவரல்ல. நெற்றியில் திருநீறு, வெள்ளிக்கிழமை தவறாமல் கோயில். பல வருடங்களாக அவரிடம் வாங்குகிறேன். "இருபது தாங்க அக்கா, சம்பல் கொஞ்சம் கூட" என்பதற்கு மேல் நான் அவரோடு பேசியதில்லை.

முதல் ஞாயிறு பதிவேட்டைப் பார்த்து எல்லோருக்கும் போன் போட்டோம். சிலருடைய நம்பர் மாறியிருந்தது. வயதான இரண்டு மூன்று பேரிடம் போனே இல்லை. பழைய வாசலில் யாராவது நின்று வருகிறவர்களுக்கு இடம் மாறியதைச் சொல்ல வேண்டும் என்று பேசிக்கொண்டோம், ஆனால் அன்றைய அமளியில் ஒருவரும் போகவில்லை. ஆனாலும் 9 மணியானதும் ஒவ்வொருவராக டியூஷன் மண்டபப் படியேறி வந்தார்கள். கேட்டால், "இடியப்ப அக்கா சொன்னாங்க" என்றார்கள்.

சனிக்கிழமை இரவு எங்கள் கீபோர்டை ஏற்றிப்போன ஓட்டோக்காரத் தம்பியை நிறுத்தி, எங்கே கொண்டு போகிறாய் என்று அவரே கேட்டு வைத்திருக்கிறார். ஞாயிறு காலை 7 மணியிலிருந்து 10 மணிவரைதான் அவருக்கு நல்ல வியாபாரம். அந்த நேரத்தில் கடையை மகளிடம் விட்டுவிட்டு, பூட்டிய எங்கள் கேட்டுக்கு முன்னால் போய் நின்றிருக்கிறார். "இன்னைக்கு இங்க இல்ல. ரெண்டாவது சந்தியில திரும்புங்க, மாடியில நடக்குது." ஒரு ஞாயிறு இல்லை, ஏழு ஞாயிறு. யாரும் கேட்டுக்கொள்ளாமலே.

மூன்றாவது கிழமை நன்றி சொல்லப் போனேன். கை கழுவிவிட்டு வந்து, தட்டுகளுக்கு அடியிலிருந்து ஒரு சீ.ஆர். கொப்பியை எடுத்தார். அது அவருடைய கடன் கொப்பி. அதன் கடைசிப் பக்கத்தில் எங்கள் சபை முழுதும் இருந்தது. பெயர் தெரியாததால் அடையாளம் எழுதியிருந்தார். குடை அம்மா. ரெட்டைப் பிள்ளைக்காரி. கைத்தடி ஐயா. வெள்ளைச் சட்டை டீச்சர். ஒவ்வொன்றுக்கும் நேரே, வந்த ஞாயிறுக்கு ஒரு புள்ளடி. பக்கத்தின் ஓரத்தில் அரிசி மா ஒட்டிய விரல் தடம். நான் எங்கள் பதிவேட்டோடு மனதுக்குள் ஒப்பிட்டுக்கொண்டே போனேன். 38 பேரும் இருந்தார்கள். அதற்குக் கீழே ஒரு கோடு போட்டு, இன்னும் 5 பேர். பை தம்பி. பை தம்பியின் கூட்டாளி. பேக்கரி ஐயா. பூக்கார அம்மா. நீலச் சாரி பிள்ளை.

இவர்கள் யார் அக்கா என்று கேட்டேன்.

"இவங்களும் உங்க ஆளுங்கதானே மகள்? ஞாயித்துக்கெழம வருவாங்க. கேட்டு வரைக்கும் வருவாங்க. பாட்டு முடியிற வரைக்கும் நிப்பாங்க. அப்புறம் போயிருவாங்க. ஒரு வருஷமா வாறாங்களே, தெரியாதா?"

ஆறு வருடமாக சபையின் பதிவேட்டை எழுதுகிறவள் நான். எனக்குத் தெரியாது.

பழைய இடத்தில் ஆராதனை நேரத்திலும் கேட் ஏன் பாதி மூடியிருந்தது என்பதை இங்கே சொல்ல வேண்டும். 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு குண்டுத் தாக்குதல்களுக்கு முன் அதை நாங்கள் மூடியதே இல்லை. கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயம் எங்களுக்கு நடை தூரம். அங்கும், அதே காலையில் நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் நடந்ததை யாரும் மறக்கவில்லை. சீயோனில் பையோடு வந்தவனை வெளியிலேயே மறித்த சகோதரர் தன் உயிரைக் கொடுத்து உள்ளே இருந்த பலரைக் காப்பாற்றினார். ஆகவே வாசலில் ஆள் நிற்பது தவறு என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். ஆனால் வருடங்கள் போக, எங்கள் வாசலில் நின்றவர்களுக்குப் பையைத் திறந்து காட்டச் சொல்வது மட்டும் பழக்கமாக மிஞ்சிவிட்டது. வந்தவரின் பெயரைக் கேட்கும் பழக்கம் போய்விட்டது.

பை தம்பியை அக்காவே கையோடு கூட்டிக்கொண்டு வந்து மண்டபத்தில் விட்டார். மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கத்துப் பிள்ளை. புறக்கோட்டையில் ஒரு துணிக்கடையில் வேலை, இரவில் அந்தக் கடையின் மேல்தட்டிலேயே படுக்கை. அங்கே துவைக்க வசதி இல்லை. ஞாயிறுதோறும் ஒரு கிழமை அழுக்குத் துணியைப் பையில் அடைத்துக்கொண்டு முகத்துவாரத்தில் இருக்கும் சித்தி வீட்டுக்குப் போவான். வழியில் எங்கள் பாட்டுச் சத்தம் கேட்டு நிற்பான். உள்ளே வந்தால் எல்லோருக்கும் முன்னால் பையைத் திறக்கச் சொல்வார்கள், அழுக்குத் துணியைப் பார்ப்பார்கள் என்ற கூச்சம். அதற்காக ஒரு வருடம் அந்தப் பிள்ளை வெளியில் நின்றிருக்கிறது.

இதைக் கேட்ட பிறகு பாஸ்டர் ஐயா பழைய திட்டத்தின் வரைவை எடுத்து மேசையில் வைத்துவிட்டு வெகுநேரம் பேசவில்லை. அதில் மூன்று வருடத்தில் அங்கத்தவர் தொகையை இரட்டிப்பாக்குவது, வத்தளையில் ஒரு கிளைச் சபை தொடங்குவது என்றெல்லாம் எழுதியிருந்தோம். கிளைச் சபையை ஒத்திவைத்திருக்கிறோம். எனக்கு அதில் வருத்தமில்லை. வாசலுக்கு வந்த ஐந்து பேரைத் தெரியாத நாங்கள் வத்தளையில் போய் யாரைத் தேடுவது?

நேற்று அந்தத் தம்பியும் எங்களோடு உட்கார்ந்திருந்தான். போயா என்பதால் கடை லீவு. டிசம்பரில் புறக்கோட்டைக் கடைகள் ஞாயிறும் இரவு வரை திறந்திருக்கும், வேலை செய்கிற பிள்ளைகள் ஒருவரும் கிறிஸ்மஸ் ஆராதனைக்கு வர முடியாது என்று அவன்தான் சொன்னான். இத்தனை வருடமும் இது எங்கள் யோசனையில் வரவே இல்லை. இந்த வருடம் அவர்களுக்காக இரவு 10 மணிக்கு ஓர் ஆராதனை வைக்கிறோம். புதன்கிழமைகளில் கடை பூட்டிய பிறகு அவர்கள் தங்கும் அறைகளுக்கே போய் வேதம் வாசிக்கிறோம். சபையில் வளர்ந்தவர்கள் ஒவ்வொருவரும் ஒரு வருடத்துக்கு இரண்டு பேருக்குத் துணையாக நடக்க வேண்டும். வகுப்பு நடத்தி சான்றிதழ் கொடுப்பதைச் சீஷத்துவம் என்று இனிச் சொல்லப்போவதில்லை.

சிங்கள, ஆங்கில மொழிமூலம் படிக்கும் எங்கள் பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசினாலும் வேதத்தைத் தமிழில் வாசிக்கத் தடுமாறுகிறார்கள். கொழும்பில் பிறந்த பிலிப் தெ மெல்லோ தமிழாக்கிய புதிய ஏற்பாடு இதே நகரத்தில் 1759இல் அச்சாகியிருக்கிறது. அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு இதைச் சும்மா விட முடியுமா? ஓய்வுநாள் பாடசாலைக்கு முன் அரை மணி நேரம் தமிழ் எழுத்து. வெள்ளைச் சட்டை டீச்சர் ஒத்துக்கொண்டுவிட்டார்.

வாசலுக்கு இரண்டு பேர் முறை வைத்திருக்கிறோம். முதலில் பெயர், ஊர், சாப்பிட்டாயா என்ற கேள்வி. பை பார்ப்பது அதற்குப் பிறகு, மறைவாக ஒரு பக்கத்தில். முதல் மாதம் முழுவதும் என் முறை. நானே கேட்டு வாங்கினேன்.

நேற்றுப் பின்னேரம் உபவாசம் முடிக்க அக்காவிடம் நூறு இடியப்பம் சொல்லியிருந்தோம். சொதியோடு தானே தூக்கிக்கொண்டு படியேறி வந்தார். காசு வாங்கிக்கொண்டார், அது அவர் உழைப்பு. கொப்பியைத் திறந்து என்னிடம் காட்டினார். பேக்கரி ஐயாவுக்கும் பூக்கார அம்மாவுக்கும் பை தம்பியின் கூட்டாளிக்கும் நேரே புள்ளடி இருந்தது. நீலச் சாரி பிள்ளைக்கு மட்டும் கடைசி மூன்று ஞாயிறும் வெறுமையாக இருந்தது. "வேற இடத்துல வேலைக்குப் போயிருச்சோ தெரியல. வந்தா நானே கூட்டிட்டு வாறேன்" என்றார்.

தங்கச்சி, இதை நீங்கள் வாசித்தால், அல்லது உங்களைத் தெரிந்த யாராவது வாசித்தால்: நாங்கள் இப்போது இரண்டாவது சந்தியில், டியூஷன் மண்டபத்துக்கு எதிர் மாடியில் இருக்கிறோம். ஞாயிறு எட்டரைக்கே கேட் திறந்துவிடும். கீழ்ப்படியில் நான் நிற்பேன்.

அன்புடனும் நன்றியுடனும்,
சபைச் செயலாளர்