செல்விக்கு, மாண்ட்ரியல்ல இருந்து

செல்வி, உன் வாய்ஸ் மெசேஜ் கேட்டேன், அம்மா முட்டு ஆபரேஷன் முடிஞ்சு நடக்க ஆரம்பிச்சிட்டாங்கன்னதும் அவ்ளோ நிம்மதி. கடைசியில ஒண்ணு கேட்டியே, முக்காட்ட கழட்டி வச்சிட்டு வேலைக்குப் போக வேண்டியதுதானேன்னு, அதுக்கு ஃபோன்ல எனக்கு பதில் சொல்ல வரல, அதான் எழுதுறேன்.

இங்க கனடாவுல, கியூபெக் மாகாணத்துல 2019 ஜூன்ல ஒரு சட்டம் வந்துச்சு, 21ஆம் நம்பர் சட்டம்னுவாங்க. கவர்ன்மென்ட் ஸ்கூல் டீச்சர், போலீஸ், கவர்ன்மென்ட் வக்கீல் எல்லாம் வேலை நேரத்துல மத அடையாளம் போடக்கூடாது. சிலுவை, டர்பன் எல்லாத்துக்கும் சேர்த்துதான், ஆனா ஹிஜாப் போட்ட டீச்சருங்களுக்குத்தான் பெரிய அடி. நான் ஊர்ல அஞ்சு வருஷம் கணக்கு எடுத்தவ, இங்க திரும்பப் படிச்சு சர்டிஃபிகேட் வாங்கினாலும் ஸ்கூல் வாசல்ல இத கழட்டினாதான் உள்ள விடுவாங்க.

சட்டமாவது எழுதி வச்சிருக்கு செல்வி. வந்த புதுசுல பஸ்ல ஒரு வயசான அம்மா இறங்கும்போது என் முகத்தப் பாத்து மெதுவா 'ரெதூர்ன் ஷே துவா'ன்னு சொன்னாங்க, எனக்கு அப்ப ஃபிரெஞ்சு தெரியாது, ஏதோ அன்பா சொல்றாங்கன்னு சிரிச்சுக்கிட்டே 'மெர்சி'ன்னேன். நாலு மாசம் கழிச்சு கிளாஸ்ல அந்த வினைச்சொல்ல போர்டுல எழுதினாங்க. திரும்பிப் போறது. உன் ஊருக்கே திரும்பிப் போன்னு சொன்னவங்களுக்கு நான் நன்றி சொல்லியிருக்கேன். அன்னைக்கு நோட்ல ஒரு வரி எழுத முடியல.

மாடி வீட்டு அல்ஜீரியா அக்காவுக்கு சின்ன வயசுலேருந்தே ஃபிரெஞ்சு தெரியும், அதனால எல்லாமே அப்பப்பவே புரிஞ்சிடும், அது இன்னும் கஷ்டமாம். 2017 ஜனவரி 29 ராத்திரி கியூபெக் சிட்டி பள்ளிவாசல்ல தொழ வந்த ஆறு பேர சுட்டுக் கொன்னாங்களே, அதுலேருந்து அவங்க மெட்ரோல சுவத்தோட முதுக ஒட்டித்தான் நிப்பாங்க, ட்ரெயின் நின்னப்புறம்தான் முன்னாடி வருவாங்க. இப்ப நானும் அப்படித்தான் நிக்குறேன். ராத்திரி வீடு வந்து சேர்ந்ததும் வாட்ஸப்ல ஒரு பச்சை ஹார்ட் போடணும், போடலன்னா அவங்க ஃபோன் வந்துடும்.

குளிர்காலம் கொஞ்சம் நிம்மதி. மைனஸ் இருபதுல எல்லாருமே தலைய மூடி கண்ணு மட்டும் தெரிய போவாங்க, யாரும் என்னைத் திரும்பிப் பாக்குறதில்ல. ஏப்ரல்ல வெயில் வந்து அவங்க தொப்பிய கழட்டினதும் நான் மறுபடி தனியா தெரிவேன்.

நீயும் நானும் சென்னையில வீடு தேடினோமே, ஞாபகம் இருக்கா? உன் பேரக் கேட்டப்ப சாவி எடுக்கப் போன ஓனர் என் பேரக் கேட்டதும் வேற ஆளுக்கு பேசிட்டோம்னாரு. அன்னைக்கு நீ என்னைப் பேர மாத்திக்கோன்னு சொல்லல, ஓனர்கிட்ட சண்டை போட்ட. இதுவும் அதேதான் செல்வி. வேலைக்காக நான் கழட்டினா, தப்பு என்கிட்டதான்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும், என் மக பாத்துக்கிட்டு இருக்கா.

வீட்லயே அஞ்சு பசங்களுக்கு டியூஷன் எடுக்குறேன். நம்ம எட்டாவது கணக்கு புக் பிடிஎஃப் இருந்தா அனுப்பு, ஜியாமெட்ரிக்கு அதுதான் எனக்குக் கை வருது. அம்மாகிட்ட நான் கேட்டதா சொல்லு.