கல்ச்சர் பொட்டலம் வாங்குமுன் சல்பேட்டை அளந்து பாருங்கள்

தோல் கழிவுநீர்ப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களின் நிர்வாகக் குழுக்களுக்கு,

வணக்கம். ஏரேஷன் தொட்டி (கழிவுநீருக்குக் காற்றூட்டும் தொட்டி) கறுத்து அழுகிய முட்டை நாற்றம் கிளம்பினால், ‘பாக்டீரியா செத்துவிட்டது’ என்று புதுக் கல்ச்சர் (பொட்டலத்தில் விற்கும் பாக்டீரியா) கொட்டுவதுதான் பலருக்கும் முதலில் தோன்றும் வைத்தியம். செத்ததைவிட, ஆள் மாறியதே அதிகம். ஆக்சிஜன் தீர்ந்தால் நைட்ரேட்டைச் சுவாசிக்கும் இனங்கள் முந்தும். அதுவும் தீர்ந்தால் சல்பேட்டைச் சுவாசிப்பவை. பிக்கிளில் (பதனிடுமுன் தோலை அமில உப்பு நீரில் ஊறவைக்கும் கட்டம்) ஊற்றும் கந்தக அமிலம், குரோம் பதனிடும் உப்பு இரண்டிலிருந்தும் சல்பேட் தாராளமாக வருகிறது. அந்த நீர் மாறாதவரை, நீங்கள் கொட்டும் பொட்டலம் சில நாளில் பழைய கூட்டத்துக்கே இடம்விடும்.

கணக்கைப் பாருங்கள். லிட்டருக்கு 1,000 மில்லிகிராம் சல்பேட் முழுதும் சிதைந்தால் சுமார் 350 மில்லிகிராம் ஹைட்ரஜன் சல்ஃபைடு (அந்த அழுகிய முட்டை நாற்ற வாயு) உண்டாகும். அதற்கு 670 மில்லிகிராம் சி.ஓ.டி. (ஆக்சிஜன் தேவையாக அளக்கப்படும் கரிமக் கழிவு) போதும். பி.எச். (அமில-கார அளவு) 8 என்றால் அதில் பத்தில் ஒரு பங்குதான் வாயு வடிவில் இருக்கும், 7இல் பாதி, 6இல் பத்தில் ஒன்பது. சுண்ணாம்புத் தொட்டி நீரையும் அமிலமான குரோம் நீரையும் ஒரே குழாயில் விடக் கூடாது என்பது இதனால்தான். சுண்ணாம்பு நீரில் ஏற்கெனவே சோடியம் சல்ஃபைடு இருக்கிறது. அமிலம் பட்ட நொடியே வாயு கிளம்பும், அதற்கு நுண்ணுயிரே வேண்டாம்.

ஓ.ஆர்.பி.யை (நீரின் ஆக்சிஜனேற்ற-ஒடுக்க மின்னழுத்தம்) தொட்டியின் மேல்மட்டத்தில் மட்டும் பார்த்துப் பயனில்லை, அடியிலும் பாருங்கள். மைனஸ் 50 மில்லிவோல்ட்டுக்குக் கீழே போனால் சல்ஃபைடு தொடங்கிவிட்டதென்று வையுங்கள். சல்ஃபைடு மாதிரியை 100 மில்லிக்கு 4 சொட்டு ஜிங்க் அசிடேட் (2 நார்மல்) இட்டு, சோடியம் ஹைட்ராக்சைடால் பி.எச்.சை 9க்கு மேல் ஏற்றி, காற்றிடம் இல்லாமல் நிரப்புங்கள். இல்லையேல் ஆய்வகம் போய்ச் சேருமுன் பாதி பறந்துவிடும்.

கால்சியம் நைட்ரேட் விட்டால் சல்பேட் கூட்டம் அடங்கும். அளவு மீறினால் கிளாரிஃபையரில் (சேறு படிந்து நீர் தெளியும் தொட்டி) நைட்ரஜன் குமிழிட்டு ஸ்லட்ஜ் (நுண்ணுயிர்ச் சேறு) மிதக்கும். ஃபெரிக் குளோரைடு சல்ஃபைடைக் கட்டும், ஆனால் பி.எச்.சையும் இறக்கும்; இறக்கிவிட்டால் மிச்ச சல்ஃபைடு வாயுவாகும். உப்பு நிறைந்த ஊறல் நீரையும் (உப்பிட்ட தோலை ஊறவைத்த நீர்) ஒரேயடியாகத் திறக்காதீர்கள், அம்மோனியாவை மாற்றும் இனங்கள்தான் முதலில் அடிபடும்.

ஸ்லட்ஜ் தொட்டியின் மூடியைத் திறந்தால் வாயு அளவியைக் கயிற்றில் கட்டி அடிவரை இறக்குங்கள். 100 பி.பி.எம். தாண்டினால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாது. கிளறும்போது அடைபட்ட வாயு மொத்தமாக வெளிவரும் என்பதால், கிளறுவதற்கு முன் எடுத்த அளவை நம்பி எவரையும் உள்ளே இறக்காதீர்கள்.

இப்படிக்கு,
கழிவுநீர் நுண்ணுயிரியல் துறையினர்