என் மகனின் வழக்கில் துணை நின்றவர்களுக்கு ஒரு நன்றி மடல்

மதிப்பிற்குரிய உங்கள் அனைவருக்கும், மதுரை மாவட்டம் மேலூரிலிருந்து ஒரு தாயின் வணக்கம்.

உங்கள் பெயர்களை எழுதித்தான் நன்றி சொல்ல வேண்டும் என்று நினைத்திருந்தேன். ஆனால் மகன் யார் பொறுப்பில் வளர வேண்டும் என்று குடும்ப நல நீதிமன்றத்தில் நடந்த எங்கள் வழக்கின் விசாரணை, நாங்கள் கேட்டுக்கொண்டபடி, வெளியார் இல்லாத அறையில் நடந்தது. பெயர்களைச் சொன்னால் அவற்றின் வழியே என் பிள்ளை யாரென்று ஊருக்குத் தெரிந்துவிடும். ஆகவே செய்த உதவியைச் சொல்கிறேன். அது தன்னைக் குறிக்கிறது என்று உங்களில் ஒவ்வொருவருக்கும் தெரியும்.

மகனுக்கு நான்கு வயதும் இரண்டு மாதமும் ஆகியிருந்தபோது, பத்து நாளில் திரும்பக் கொண்டுவந்து விடுவதாகச் சொல்லி, அவனை அவன் அப்பா திருப்பூருக்கு அழைத்துச் சென்றார். பத்து நாள் இரண்டு மாதமானது. அனைத்து மகளிர் காவல் நிலையத்திற்கு நான் அழுதுகொண்டே ஓடிய அன்று, என்னை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்த தலைமைக் காவலர் அம்மாவுக்கு முதல் நன்றி. பெற்ற தகப்பன் பிள்ளையை அழைத்துப் போனதைக் கடத்தல் வழக்காகப் பதிய முடியாது, இதற்கு நீதிமன்றம்தான் வழி என்று என் முகத்தைப் பார்த்து உண்மையைச் சொன்னவர் அவர். மனு ரசீதின் பின்பக்கத்தில் 15100 என்ற இலவச சட்ட உதவி எண்ணை எழுதிக் கொடுத்தவரும் அவரே.

அந்த எண்ணை நான் உடனே அழைக்கவில்லை. இலவசமாகக் கிடைப்பது தரமாக இருக்காது என்று உறவினர்கள் சொன்னதைக் கேட்டு, நகையை அடகு வைத்து ஒருவரிடம் முன்பணம் கொடுத்தேன். மூன்று மாதமாகியும் மனு தாக்கலாகவில்லை. 1956ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் பாதுகாவலர் சட்டம், ஐந்து வயது நிறையாத பிள்ளை சாதாரணமாகத் தாயின் பொறுப்பில்தான் இருக்க வேண்டும் என்று 6வது பிரிவில் சொல்கிறது. என் மகனுடைய ஐந்தாவது பிறந்தநாளோ நெருங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு நாளும் காலண்டர் தாளைக் கிழிக்க எனக்குக் கை வராது.

பிறகுதான் மேலூர் நீதிமன்ற வளாகத்தில் இலவச சட்ட உதவி தரும் வட்ட சட்டப் பணிகள் குழுவுக்குப் போனேன். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டப்படி பெண்ணுக்கு வருமான வரம்பு எதுவும் இல்லை என்பதையும், வழக்கறிஞர் கட்டணம், நீதிமன்றக் கட்டணம், நகல் செலவு எதையும் நான் கொடுக்க வேண்டியதில்லை என்பதையும் அங்கிருந்த சட்டத் தன்னார்வலர் பொறுமையாக விளக்கி, விண்ணப்பத்தைத் தன் கையாலேயே நிரப்பித் தந்தார். தம்பி, அந்த ஒரு மணி நேரத்தை நான் மறக்க மாட்டேன்.

வழக்கறிஞர் அம்மா, இனி உங்களுக்கு. முதல் சந்திப்பில் பதினொரு பக்கம் என் கைப்பட எழுதிக் கொண்டுவந்தேன். பாதிக்கு மேல் என் கணவரையும் அவர் குடும்பத்தையும் ஏசிய வரிகள். நீங்கள் ஒன்று விடாமல் படித்தீர்கள்; படித்து முடித்துவிட்டு, பேனாவை எடுத்து ஒவ்வொரு ஏச்சாக அடித்துக்கொண்டே வந்தீர்கள். எனக்குக் கோபம் வந்தது. "இதை உன் பையன் ஒருநாள் வாங்கிப் படிப்பான், தெரியுமாம்மா?" என்று கேட்டீர்கள். 1973இல், சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பின் மீது மேல்முறையீடாகப் போன ரோஸி ஜேக்கப் வழக்கில், பிள்ளைகள் பெற்றோரின் உடைமைகளும் அல்லர், விளையாட்டுப் பொருள்களும் அல்லர் என்று உச்ச நீதிமன்றம் சொன்னதை எனக்கு எளிய தமிழில் எடுத்துச் சொன்னீர்கள். தாயின் உரிமையும் தகப்பனின் உரிமையும் பிள்ளையின் நலனுக்கு அடுத்துத்தான் என்பதை அன்று நான் முழு மனதோடு ஏற்கவில்லை; வீட்டுக்கு வந்து இரவு முழுவதும் யோசித்த பிறகே ஏற்றேன். மனு நான்கு பக்கத்தில் முடிந்தது. அதில் என் மகன் எத்தனை மணிக்கு எழுவான், எதற்குப் பயப்படுவான், எந்தப் பாலை ஒத்துக்கொள்ள மாட்டான் என்பதெல்லாம் இருந்தன.

வழக்கை மதுரையில் நடத்தக் கூடாது, பிள்ளை இப்போது திருப்பூரில்தான் இருக்கிறான் என்று எதிர்த்தரப்பு வாதாடியது. 1890ஆம் ஆண்டின் பாதுகாவலர் சட்டப்படி பிள்ளை வழக்கமாக வசிக்கும் இடத்து நீதிமன்றமே விசாரிக்க வேண்டும். அந்த இடம் மேலூர்தான் என்று காட்ட எங்களிடம் இருந்தவை அங்கன்வாடி வருகைப் பதிவின் நகலும் தடுப்பூசி அட்டையும் மட்டுமே. விடுமுறை நாளில் பதிவேட்டைத் தேடி எடுத்த அங்கன்வாடி டீச்சருக்கும், ஒவ்வொரு தவணை ஊசியின் தேதியையும் சரிபார்த்துக் கொடுத்த கிராம சுகாதார செவிலியர் அக்காவுக்கும் கைகூப்புகிறேன். வழக்கு மதுரையிலேயே நின்றது.

குடும்ப நல நீதிமன்ற ஆலோசகருக்கும் என் நன்றி. "அம்மா வேண்டுமா, அப்பா வேண்டுமா?" என்ற கேள்வியை வீட்டில் யாரும் கேட்கக் கூடாது என்று இரு குடும்பத்தையும் உட்கார வைத்துக் கண்டிப்பாகச் சொன்னீர்கள். நீங்களும் அதைக் கேட்கவில்லை. காலையில் யார் எழுப்புவார்கள், தெருவில் யாரோடு விளையாடுவாய் என்றுதான் கேட்டீர்கள்.

இன்னொருவருக்கும் நன்றி சொல்ல வேண்டும். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை நான் பிள்ளையைப் பார்க்கலாம் என்று இடைக்கால உத்தரவு வந்த பின், முதல் நாள் அவனை நீதிமன்ற வளாகத்திற்கு அழைத்து வந்தவர் என் நாத்தனார். ஏழு மாதம் பார்க்காத பிள்ளை என்னிடம் வரத் தயங்கி அவர் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, "போடா, உன் அம்மாதான்" என்று சொல்லி அவன் கையை எடுத்து என் கையில் வைத்தார். மதினி, அன்று நீங்கள் எதிர்த்தரப்பாக வரவில்லை.

சமரச மையத்தில் ஆறு அமர்வுகள் நடந்தன. சமரசர் ஐயா இருவரையும் தனித்தனியாகவும் சேர்த்தும் பேச வைத்தார். அங்கே பேசியது வெளியே போகாது என்ற உறுதிதான் என்னையும் என் கணவரையும் மனம் திறக்க வைத்தது. பள்ளி நாட்களில் மகன் என்னிடம், இரண்டாம் நான்காம் வார இறுதிகளில் அப்பாவிடம், கோடை விடுமுறை சரிபாதி, தீபாவளியும் பொங்கலும் ஆண்டு மாற்றி என்று எழுதிய உடன்பாட்டை நீதிமன்றம் உத்தரவாக்கியது. நான் கேட்டது முழுவதும் கிடைக்கவில்லை, அவருக்கும் அப்படியே. ஆனால் ஆரப்பாளையம் பேருந்து நிலையத்தில் அப்பாவைக் கண்டதும் மகன் ஓடுகிற ஓட்டத்தைப் பார்க்கும்போது எனக்கு வருத்தம் வருவதில்லை.

வழக்கறிஞர் அம்மா, தீர்ப்பு நாளன்று நான் கொண்டுவந்த வேட்டிச் சேலைத் தட்டை நீங்கள் தொடவில்லை. அதனால் வேறொன்றைச் சொல்கிறேன். நீங்கள் அடித்துத் திருத்திய பதினொரு பக்கத்தையும் போன வாரம் அடுப்பில் போட்டுவிட்டேன். தாக்கலான நான்கு பக்க மனுவின் நகல் பீரோவில் இருக்கிறது. அவன் கேட்கிற நாளில் எடுத்துக் கொடுப்பேன்.

என்றும் நன்றியுடன்,
மேலூரிலிருந்து ஒரு தாய்